தலைமாட்டுக் கயிறு

கிப்பி இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவனுடைய அடுக்களையில் நின்று ரொட்டிகளுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள் தங்கை ஓஸ்லா. பிரேதப் பரிசோதனை முடிந்து அபர்டீனிலிருந்து காலைக் கப்பலில் வந்த சவப்பெட்டி முன்னறையில் இருந்தது. வெளியே காற்று குறையவில்லை. ஷெட்லாந்துத் தீவுகளில் அக்டோபரில் அது குறைவதும் இல்லை.

"அவன் எப்பவுமே அவசரக்காரன்," என்றாள் பக்கத்து வீட்டு ஜெமிமா, ஆட்டிறைச்சி சூப்பைக் கிளறியபடி. "சர்ச்சுல ஆமென் சொல்றதுக்குள்ள காரைக் கிளப்பிடுவான். அந்தக் காத்துல யாராவது ஹெலிகாப்டரை அப்படித் திருப்புவாங்களா?"

"ஜெமிமா, உப்பு போட்டாச்சா?" என்றாள் கிப்பியின் மனைவி மெரன். நாலாவது முறையாகக் கேட்கிறாள்.

"போட்டாச்சு கண்ணு. இன்னும் போட்டா கடல் தண்ணிதான்."

ஊர் முழுக்க இதே பேச்சு. கடல் எண்ணெய்க் கிணற்று ஆட்களை இறக்கிவிட்டு, ஹெலிகாப்டர் தரையில் சக்கரங்களில் உருண்டு கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கமிருந்து அடித்த காற்று அதை வலப்பக்கம் கவிழ்த்துவிட்டது. வலது இருக்கையில் மூத்த விமானி கிப்பி. இடது இருக்கையில் துணை விமானி எர்லெண்ட், ஓஸ்லாவின் கணவன். இரண்டு இருக்கையிலிருந்தும் ஓட்டலாம்; ஆனால் மூத்தவன்தான் ஓட்டியிருப்பான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. எர்லெண்டுக்கு நெற்றியில் ஆறு தையல். விசாரிக்க வந்தவர்களிடம் ஒன்றும் நினைவில்லை என்றான். கறுப்புப் பெட்டியிலிருந்து பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

ஓஸ்லா அவனை நம்பினாள். பிறகு ஒரு விடியலில், தூங்கும் அவனுடைய வலது கையைப் பார்த்தாள். அது போர்வையை முறுக்கிப் பிடித்திருந்தது. மணிக்கட்டு இடப்பக்கம் சாய்ந்தது. நேராக வந்தது. மறுபடி இடப்பக்கம் சாய்ந்தது.

கிப்பி ஒருமுறை சாப்பாட்டு மேசையில் கரண்டியை ஹெலிகாப்டர் ஓட்டும் குச்சிபோல நிமிர்த்திப் பிடித்துக் காட்டியிருக்கிறான். "பறக்கறப்ப பயமில்ல ஓஸ்லா. சக்கரத்துல உருள்றப்பதான். காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் குச்சியைச் சாய்ச்சே வெச்சிருக்கணும். மறந்தா புரட்டிப் போட்டுடும்."

இன்று காலை காரை விட்டு இறங்கும் முன் அவள் எர்லெண்டிடம் சொன்னாள்: "இன்னைக்கு வேணாம்."

என்ன வேண்டாம் என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் உறுதியானது. அவன் சொன்னால், இந்த வீட்டின் கதவு அவர்களுக்கு இனி திறக்காது. சொல்லாவிட்டால், அண்ணன் அவசரக்காரனாகவே மண்ணுக்குள் போவான். எதற்கு அதிகம் பயப்படுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தடவிய ரொட்டியிலேயே மறுபடி வெண்ணெய் தடவினாள்.

பதினொரு மணிக்கு அடக்கம் செய்பவர் வந்து, எட்டு அட்டைகளை மெரனிடம் கொடுத்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறுகள், ஆளுக்கொரு எண்.

"ஒண்ணாம் நம்பர் தலைமாடு, ரொம்ப நெருங்கினவங்களுக்கு. யாருக்குன்னு நீங்கதான் சொல்லணும்மா."

மெரன் அந்த அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். எர்லெண்ட் கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டியருகே நின்றிருந்தான். ஓஸ்லா வெண்ணெய்க் கத்தியோடு பின்னாலேயே ஓடினாள்.

"நீதான் பிடிக்கணும்," என்றாள் மெரன்.

"நான் வேணாம், மெரன்."

"கடைசியா அவன்கூட இருந்தது நீதானே. ஊரே அவனைக் குறை சொல்லுது. நீ மட்டும்தான் ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அது போதும்."

மெரன் அட்டையை அவனிடம் நீட்டினாள்.

"வாங்கிக்கோ," என்றாள் ஓஸ்லா. அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

எர்லெண்ட் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோனான்.

"திருப்பினது அவன் இல்ல மெரன்," என்றான். "நான்தான் ஓட்டினேன்."