ஐந்தாம் ரீல்

இயக்குநரின் மகள் வருகிறாள் என்று புரொபசர் போனில் சொன்னதும் புரொஜக்டர் ஆபரேட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எந்த இயக்குநர் சார்?" என்று கேட்டுவைத்தார். தெரியாமல் கேட்கவில்லை. ஒரு நிமிஷமாவது தள்ளிப்போடலாமே என்றுதான்.

"நம்ம படம்யா. நாம கண்டுபிடிச்சோமே, அந்த ஜன்னல் படம். பொண்ணு இத்தனை வருஷமா ரெண்டு மணி நேரத் தூரத்துலதான் இருந்திருக்காங்க. பேப்பர்ல என் கட்டுரையைப் பார்த்துட்டு எழுதினாங்க. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குப் போடறோம். நீ ஒன்பதுக்கே வந்துடு."

கண்டுபிடித்தது மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. நாற்பது பேர் உறுப்பினர், வருவது இருபத்தைந்து பேர், கடைசிவரை விழித்திருப்பது பத்துப் பேர் என்று ஒரு திரைப்படச் சங்கம். எழுபதுகளில் வந்து யார் கண்ணிலும் படாமல் போன உலகப் படங்களைத் தேடிப்பிடித்து வருஷம் முழுக்கப் போடுவது என்று புரொபசர் கிளம்பியிருந்தார். "யாரும் பார்க்கலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்குமே" என்றாள் ஆபரேட்டரின் மனைவி. பாதிப் படங்களுக்கு அதற்குமேல் விமர்சனம் தேவைப்படவில்லை. ஒன்றில் ஒருவன் இருபது நிமிஷம் கிணறு வெட்டினான், தண்ணீரும் வரவில்லை, படமும் முடியவில்லை.

அப்புறம்தான் மூடப்போகிற ஒரு தூதரக நூலகத்திலிருந்து துருப்பிடித்த ஐந்து டப்பாக்கள் வந்தன. இங்கே பிறந்து, படிக்கப்போன சின்ன நாட்டிலேயே தங்கிவிட்ட ஒருவர் எடுத்த ஒரே படம். அப்பாவாக அவரே நடித்து, ஆறு வயது மகளையே மகளாக நடிக்க வைத்திருந்தார். அந்த நாட்டுப் பாஷை சங்கத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பிரயோஜனமில்லை, கடைசி இரண்டு ரீலில் யாரும் வாயே திறப்பதில்லை.

ஆபரேட்டரின் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு ரீலின் தலையிலும் எண் போட்ட ஒரு துண்டு நாடா ஒட்டியிருக்கும். ரீலை மேசையில் சுற்றிப் பார்த்துச் சோதித்துவிட்டு, அந்தத் துண்டை வெட்டி ஆணியில் மாட்டுவார். கடைசி ரீலிலிருந்து தொடங்குவார். ஐந்து அடியில், அதன்மேல் நாலு, அதன்மேல் மூன்று. அடுக்கி முடித்தால் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெரிய சக்கரத்தில் ஒன்றோடொன்று ஒட்டவேண்டியதுதான். முப்பத்தைந்து வருஷத்தில் இந்த அடுக்கு தப்பியதே இல்லை. அதனாலேயே அவர் மறுபடி சரிபார்க்கிற ஆளும் இல்லை.

அந்தப் படம் போட்ட அன்று ஐந்தாம் ரீலைச் சோதித்து, துண்டை வெட்டி மாட்டிவிட்டு, ரீலைக் கையில் எடுக்கும்போது போன் வந்தது. மாப்பிள்ளை. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். சந்தோஷத்தில் ரீலைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்காரியோடு பேசினார், சம்பந்தியோடு பேசினார், யாரையோ மிட்டாய் வாங்கிவரச் சொன்னார். திரும்பி வந்து நாலைச் சோதித்து மேசையில் வைத்தார். நாற்காலியில் இருந்ததை அதன்மேல் வைத்தார். அவ்வளவுதான்.

தப்பு நடந்தது திரையில்தான் அவருக்குத் தெரிந்தது. மூன்றாம் ரீல் முடிந்ததும் ஒரு கதவு. சிறுமி திறக்கிறாள். மழையில் நனைந்த கோட்டும் கையில் பெட்டியுமாக அப்பா நிற்கிறார். அவள் ஒன்றும் பேசாமல் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொள்கிறாள். அந்தக் கதவுக்கு முன்னாலிருந்த ஐந்தாம் எண் துண்டைத் தன் கையாலேயே வெட்டியது அவருக்கு ஞாபகம் வந்தது. நிறுத்திவிடலாமா என்று நினைத்தார். உள்ளே இருபத்தெட்டுப் பேர், முதல் வரிசையில் புரொபசர். முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

கதவோடு அந்தச் சின்ன ரீல் முடிந்து நாலாம் ரீல் ஓடியது. வீட்டில் ஒரு புகைச்சல், அப்பா பெட்டியைக் கட்டுகிறார், கிளம்பிப் போகிறார், சிறுமி ஜன்னலில் நிற்கிறாள். கண்ணாடியில் அவள் மூச்சு. இருட்டு. 'முற்றும்' என்று போடுகிற பழக்கமெல்லாம் அந்தப் படத்துக்கு இல்லை. போனவர் திரும்பி வந்த கதை, வந்தவர் விட்டுவிட்டுப் போன கதையாக முடிந்தது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறவர்கள்கூட விழித்திருந்தார்கள். புரொபசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அரை மணி நேரம் பேசினார். இப்படி இரக்கமே இல்லாமல் ஒரு படத்தை முடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றார். ஆபரேட்டர் புரொஜக்டர் அறையை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாளே, பழைய படங்களைக் கணினியில் ஏற்றுகிற இடத்திலிருந்து படத்தை அனுப்பச் சொன்னார்கள். சுருளில் ஏற்கெனவே புளித்த வாடை அடித்தது. இன்னும் கெடுவதற்குள் கணினியில் ஏற்றவேண்டும், ஒட்டியது ஒட்டியபடியே கொடு, பிரிக்காதே என்றார் புரொபசர். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? ஆணியில் தொங்கிய ஐந்து துண்டுகளையும் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, யாரும் பார்க்காதபோது குப்பைத் தொட்டியில் போட்டார். பயம். முப்பத்தைந்து வருஷப் பெயர் போய்விடுமே என்ற பயம். கணினியில் ஏற்றியவர்கள், மற்றப் படங்களையும் கெடுத்துவிடும் என்று அந்தச் சுருளை அழித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு தடவை புரொபசரிடம் சொல்லிப் பார்த்தார். அதற்குள் படம் நாலைந்து ஊர்களில் பேர் வாங்கிவிட்டது, புரொபசரின் புத்தகத்தில் அதன் முடிவுக்கே தனி அத்தியாயம். "மாத்திப் போட்டிருந்தா இவ்வளவு பொருந்துமாய்யா? உனக்கு வயசாகுது" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், சாதாரண பருத்திச் சேலை, தோளில் துணிப்பை. புரொபசர் அவளை விட்டு ஓரடி நகரவில்லை. படிக்கட்டில் மடக்கிச் சொல்லிவிடலாம் என்று ஆபரேட்டர் இரண்டு முறை போய், இரண்டு முறையும் "வணக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

படத்துக்கு முன்னால் அவளைப் பேசச் சொன்னார்கள். மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"படம் முடிஞ்ச மாசம் அப்பா வீட்டை விட்டுப் போயிட்டாரு. எனக்கு ஆறு வயசு. அம்மா என்னைக் கூட்டிட்டு இங்க வந்துட்டாங்க. அந்தப் பாஷையே மறந்துபோச்சு. ஷூட்டிங்ல நான் கதவு தெறந்தது ஞாபகம் இருக்கு, ஜன்னல்ல நின்னது ஞாபகம் இருக்கு. எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரியாது. கிளம்பும்போது அப்பா சொன்னாரு, பெரியவளானதும் இந்தப் படத்தோட கடைசியைப் பாரு, நான் உனக்குச் சொல்ல வேண்டியது அதுல இருக்குன்னு. அப்புறம் எந்தத் தகவலும் இல்ல. அங்கயே இறந்துட்டாருன்னு பின்னாடி தெரிஞ்சுது. படத்தை இன்னைக்குத்தான் பார்க்கப்போறேன்."

மேலே, ஆபரேட்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். கணினியில் இருப்பது ஒரே கோப்பு. வெட்டவும் ஒட்டவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பூட்டிக் கொடுத்திருந்தார்கள். பழைய புரொஜக்டராக இருந்தால் கத்தரியும் ஒட்டுநாடாவும் போதும், ஐந்து நிமிஷ வேலை. கீழே விளக்கை அணைத்தார்கள். பொத்தானை அமுக்கினார்.

திரையில் கதவு திறந்தபோது கீழே மகளின் தலை நிமிர்ந்ததைப் புரொஜக்டர் அறையின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இதோடு கரண்டு போய்விடக்கூடாதா என்று வேண்டிக்கொண்டார். கரண்டு போகவில்லை. அப்பா பெட்டியைக் கட்டினார், போனார். கண்ணாடியில் மூச்சு. இருட்டு. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஆபரேட்டர் இறங்கி ஓடினார். வாசலுக்குப் போகிற நடையில் தண்ணீர்க் குழாய் அருகே அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். புரொபசர் யாருடனோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் ஆபரேட்டர். நான்தான் மூணு வருஷம் முன்னாடி இந்தப் படத்தை ஒட்டினேன்."

"ரொம்ப நன்றிங்கண்ணா. நீங்க இல்லைன்னா நான் பார்த்திருக்கவே முடியாது."

"அது இல்லம்மா. நான் மாத்தி ஒட்டிட்டேன். அந்தக் கதவு வருது பாருங்க, அதுதான் கடைசி ரீல். அஞ்சாவது. ஜன்னல் அதுக்கு முன்னாடி. உங்க அப்பா போறாரு, அப்புறம் திரும்பி வர்றாரு. நீங்க கதவைத் தெறக்கறீங்க. அதோட படம் முடியுது. அதுதான் அவரு எடுத்த படம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ஒரு கணம் நம்பினாள். அந்த ஒரு கணத்தை ஆபரேட்டர் தன் கண்ணால் பார்த்தார்.

"நிஜமாவா? ரீல்ல நம்பர் ஏதாவது இருக்குமா அண்ணா? ஒரு தடவை பார்க்கலாமா?"

"இருந்துதும்மா. துண்டு நாடா. அஞ்சுன்னு எழுதியிருந்துது."

"எங்க இருக்கு?"

"நான்தான் குப்பையில போட்டேன்."

"படச்சுருள்?"

"அழிச்சுட்டாங்க."

"அப்ப இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தாம்மா தெரியும். என் பேத்திமேல சத்தியமாச் சொல்றேன். அவ பொறந்த அன்னைக்குத்தான் இந்தத் தப்பு நடந்துது."

அவள் சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை. கோபப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு நல்ல மனசு. எங்க அம்மாவும் இப்படித்தான். சின்ன வயசுல நான் அழறப்போல்லாம், அப்பா கிளம்பிட்டாராம், வந்துட்டே இருக்காராம்னு சொல்லுவாங்க. பொய்யின்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க நல்லா இருக்கும்."

"பொய் இல்லம்மா."

"பரவாயில்லண்ணா" என்றாள்.

புரொபசர் வந்து அவளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். "அந்த முடிவு எப்படிங்கம்மா இருந்துது?" என்று அவர் கேட்பதும், "அப்பா சொன்ன மாதிரியே, எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாரு" என்று அவள் சொல்வதும் நடையில் கேட்டன. ஆபரேட்டர் திறந்து கிடந்த குழாயை மூடினார். மூன்று மணிக்கு இன்னொரு காட்சி இருந்தது. அதே படம்தான்.