முதுகில் இருந்தவை

லாரி ஓட்டுபவர் ஆறடிக்கு மேல் உயரம். டிப்போவில் எல்லோரும் அவரை ‘மலை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மலைக்கு எட்டுக்கால் பூச்சி என்றால் உதறல். லாரியை நிறுத்த இடம் வேண்டுமென்று ஊருக்கு வெளியே, புதர்க்காட்டை ஒட்டிய ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தபோது, அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. மீட்டர் பெட்டிக்குள் ஒன்று, ஜன்னல் கம்பியில் இரண்டு, ஒருநாள் ஷூவுக்குள்ளேயே ஒன்று.

தையல்காரியான மனைவிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. “அது பாட்டுக்கு அது இருக்கு. உங்களத் தூக்கிட்டா போகப் போகுது?” என்பாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சுவரில் இருப்பதை அவர் தொடக் கூடாது. தரைக்கு இறங்கியதை அடித்தால் அவள் ஏனென்று கேட்க மாட்டாள்.

அன்று காலை பல் தேய்க்கப் போனவர் குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டார். தண்ணீர் போகும் துளைக்குப் பக்கத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. தீப்பெட்டி அளவு இருக்கும். முதுகு மட்டும் கம்பளிபோலப் புசுபுசுவென்று உப்பியிருந்தது. துடைப்பத்தை எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே போடு.

திறந்து பார்த்தால், கம்பளி ஓடிக்கொண்டிருந்தது.

கடுகைவிடச் சிறிய குஞ்சுகள். நூறா, இருநூறா, தெரியவில்லை. நாலாபக்கமும் சிதறி, அவர் கால்விரல்மேல் ஏறி, கணுக்கால்வரை வந்துவிட்டன. அவர் போட்ட அலறலில் மனைவி கையில் துணியும் அளவு வெட்டும் தாளுமாக ஓடி வந்தாள்.

“என்னங்க, வழுக்கி விழுந்துட்டீங்களா?”

துளைப் பக்கம் கையைக் காட்டினார்.

அதற்குள் ஓட்டம் ஓய்ந்திருந்தது. சிதறியவை ஒவ்வொன்றாகத் திரும்பின. நசுங்கிக் கிடந்த தாயின்மேல் ஏறி, ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு பழைய இடத்திலேயே உட்கார்ந்தன. தாய் அசையவில்லை. அவையும் இறங்கவில்லை.

“ஐயோ,” என்றாள் மனைவி. பிறகு மெதுவாக, “நகருங்க, தண்ணி ஊத்தித் தள்ளிடறேன்.”

“ஊத்தாதே!”

அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. அவளிடமிருந்த தாளை வாங்கினார். அதைத் தாயின் அடியில் நுழைத்துத் தூக்கினார். கொல்லைக் கதவுவரை இருபது தப்படி. பாதி வழியில் சில குஞ்சுகள் மணிக்கட்டில் ஏறின. அவர் உதறவில்லை, மூச்சுகூட விடவில்லை. புதரடியில் காய்ந்த சருகுக்குள் தாளோடு வைத்தார். கையில் இருந்தவற்றையும் ஊதி ஊதி இறக்கிவிட்டார். வேலியோரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

டிப்போவிலிருந்து போன் வந்தது. “என்ன மலை, லோடு ஏத்தக் காத்திருக்கோம். எங்க இருக்கே?”

“வர முடியலண்ணே. வீட்ல ஒரு சாவு.”

“அடப்பாவமே! யாருப்பா?”

மனைவி போனை வாங்கி, “மத்தியானம் வந்துடுவாரு அண்ணே,” என்று சொல்லி வைத்தாள்.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும், அது குஞ்சுகளச் சுமக்குதுன்னு?” என்றாள்.

“நான்தான் பாக்கவே இல்லையே,” என்றார். “கண்ண மூடிட்டுதானே அடிச்சேன்.”

மத்தியானம் லாரியை எடுக்கும்வரை அவர் கொல்லைப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். சருகில் ஏதாவது அசைகிறதா என்று பார்ப்பதும், அசைந்தால் பதறி எழுந்துகொள்வதுமாக.