விண்கப்பலின் லிஃப்ட் மெக்கானிக்

இறந்துபோன சின்னண்ணனின் கழுத்திலிருந்து அவள் டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. கட்டியவர் பெரியண்ணன். எதையும் அவிழாதபடி கட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

"என்ன பண்றே நீ?" என்றார் அவர், வாசல்படியில் நின்றபடி.

"பார்த்தா தெரியலையா?"

முந்தின நாள் மாலை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. காலையில் உடல் பெரியண்ணன் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. சின்னண்ணனின் வாடகை அறையிலிருந்து நீல உடுப்பை எடுத்துவர அவள் தன் பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். அந்த இடைவெளியில் பெரியண்ணனும் அண்ணியும் அவருக்கு வெள்ளைச் சட்டையும் கோட்டும் மாட்டிவிட்டிருந்தார்கள். எல்லாம் பெரியண்ணனுடையது. கோட்டின் தோள் இரண்டு பக்கமும் வழிந்து, சின்னண்ணன் வேறு யாரோ மாதிரி படுத்திருந்தார். முப்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் கழுத்தில் எது தொங்கினாலும் அது எமன் என்பார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட டை கட்டியதில்லை. இனி வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை என்ற தைரியத்தில் கட்டிவிட்டார்கள். அவளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

வீட்டில் அவருக்கு அண்ணாந்தான் என்று பெயர். தரையைப் பார்த்து நடந்த மனுஷர் இல்லை. மேகம் இல்லாவிட்டால் தொலைநோக்கி, மேகம் இருந்தால் விண்வெளிக் கதைகள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை மாடியில் அவரைப் போல நாலைந்து பேர் கூடுவார்கள். அவர்களுக்கென்று கற்பனையில் ஒரு கப்பல் இருந்தது. ஆளுக்கு ஒரு பதவி, ஆளுக்கு ஒரு நீல உடுப்பு. மற்றவர்கள் கேப்டன், தளபதி என்று முந்திக்கொண்டபோது சின்னண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காகவே சேர்ந்தார். கேப்டன் இல்லாவிட்டாலும் கப்பல் எப்படியோ ஓடிவிடும், நாற்பது மாடிக் கப்பலில் லிஃப்ட் இல்லாவிட்டால் கேப்டனுக்குச் சாப்பாடே போகாது என்பது அவர் வாதம்.

பெரியண்ணனுக்கு இது தீராத தலைவலி. அவர் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் பகலில் துக்கம் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"கோமாளின்னு சொல்லுவாங்க. இன்னைக்கு ஒரு நாளாவது அவன் மனுஷனா இருக்கட்டும்," என்றார்.

"இத்தனை நாள் என்னவா இருந்தாரு?"

அவர் வெளியே போய்விட்டார்.

போன வாரம் பிராணவாயு முகமூடியை விலக்கிவிட்டு சின்னண்ணன் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நீலத்தைப் போட்டு அனுப்பு என்றார். சரி என்றாள். பெரியவர் விடமாட்டாரே என்றார். அவரைக் கேட்டால்தானே என்றாள். அதற்கு இருமல் வரும்வரை சிரித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற இப்போது ஒரு கோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது, ஒற்றை ஆளாக அது முடியவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து தோளைத் தூக்கிப் பிடித்தாள்.

நீல உடுப்பு அவருடைய பழைய வேலை உடுப்புதான், வாளியில் சாயம் கரைத்து முக்கியெடுத்தது. முழங்காலில் கிரீஸ் கறை சாயத்தை மீறித் தெரிந்தது. பையில் தனியாகக் கிடந்த துணி வில்லையை அவள் எடுத்து நெஞ்சில் வைத்து நாலு தையல் போட்டாள். வெள்ளி நூலில் ஒரு லிஃப்ட், அதன் மேல் இரண்டு அம்பு. இரண்டுமே மேலே பார்த்தவை. விண்வெளியில் கீழே என்று ஒன்று கிடையாதாம்.

கதவைத் திறந்தபோது வெளிக்கதவருகே சத்தம் கேட்டது. மருந்துக்கடைக்காரம்மா, தபால்காரர், ஒரு பல் டாக்டர். மூன்று பேரும் முழு நீலத்தில். தபால்காரரின் தோளில் சின்னண்ணனின் தொலைநோக்கி. பெரியண்ணன் கையை அகல விரித்து, உடை மாற்றிக்கொண்டு வரலாமே என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வழி விடுங்க பெரியண்ணே. அவங்க அவரோட ஆளுங்க."

"இது என் வீடு."

"வீடு உங்களுது. செத்தது அவர்."

அவர் கையை இறக்கினார். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து வரிசையாக நின்றார்கள். மருந்துக்கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உடலை உற்றுப் பார்த்தார், பார்த்தவர் முகம் மாறியது. வில்லை வலது பக்கம் இருக்கிறது என்றார் மெதுவாக. இடதில் இருந்தால்தான் நம் கப்பல், வலதில் இருந்தால் போன வருஷம் நம்மோடு சண்டைக்கு வந்த கப்பல். பல் டாக்டர், எதிரிக் கப்பலில் எப்படி அனுப்புவது என்று நிஜமாகவே கலங்கினார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

மருந்துக்கடைக்காரம்மா மண்டியிட்டுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் சம்பந்தியும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். இறந்தவரைப் பார்த்தார்கள், நிற்கிறவர்களைப் பார்த்தார்கள், திரும்பவும் இறந்தவரைப் பார்த்தார்கள்.

"கம்பெனி யூனிஃபார்ம்," என்றார் பெரியண்ணன் அவசரமாக. "லிஃப்ட் கம்பெனி. மரியாதை செய்ய வந்திருக்காங்க."

நல்ல பொய். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. சம்பந்தி திருப்தியாகத் தலையாட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டால் போதும், அண்ணன் நீலத்திலேயே போவார், மானமும் நிற்கும். பெரியண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார். தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வாழ்நாளெல்லாம் அண்ணாந்து பார்த்தவரின் தலைமாட்டில் அப்படி ஒரு குனிவை அவளால் தாங்க முடியவில்லை.

"கம்பெனி உடுப்பு இல்லீங்க," என்றாள். "இவங்க எல்லாரும் ஒரு விண்கப்பல்ல இருக்காங்க. அண்ணன் அதுல லிஃப்ட் மெக்கானிக். அப்படி ஒரு கப்பல் கிடையாது, அது அவருக்கும் தெரியும். சிரிக்கணும்னா தாராளமா சிரிங்க, அவருக்குக் கோபம் வராது. ஆனா வேற யாரோன்னு மட்டும் சொல்லாதீங்க."

சம்பந்தி தொண்டையைச் செருமினார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று இவள் பார்க்கப் போகவில்லை. தையல் முடிந்தது. மருந்துக்கடைக்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

தபால்காரர் தொலைநோக்கியை முற்றத்தில் நிறுத்தினார். கப்பலை விட்டு ஒருவர் போனால் மிச்சப்பேர் அந்த நேரத்தில் தெரிகிற நட்சத்திரம் ஒன்றைப் பார்க்க வேண்டும், அது அவர்கள் வழக்கம். பட்டப்பகலில் எந்த நட்சத்திரம் என்று சம்பந்தி கேட்டார்.

"பகல்ல ஒண்ணே ஒண்ணுதாங்க தெரியும்," என்றார் தபால்காரர்.

சூரியனைக் குழாய் வழியாகக் கண்ணால் பார்த்தால் கண்ணே போய்விடும். வெள்ளையாக ஏதாவது பின்னால் பிடித்து அதில் விழ வைக்க வேண்டும். அவர் சுற்றுமுற்றும் தேடினார். அவள் உள்ளே போய், கழற்றிப்போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து நாற்காலி முதுகில் மாட்டினாள். சட்டையின் முதுகில் தட்டளவு வெளிச்ச வட்டம் விழுந்தது, அதில் இரண்டு கரும்புள்ளிகள்.

சம்பந்தியின் மனைவி கிட்டே வந்து புள்ளியை விரலால் தட்டிவிடப் பார்த்தாள். கறை போகவில்லை, விரல் மேல் ஏறியது.

"அது சட்டையில இல்லம்மா, சூரியன்ல இருக்கு," என்றார் பல் டாக்டர். "ஒவ்வொண்ணும் நம்ம பூமியை விடப் பெருசு."

அந்த அம்மாள் விரலை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காற்றடித்துச் சட்டை படபடத்தது. வட்டம் நசுங்கியது. சட்டை மண்ணில் விழப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே பெரியண்ணன் வந்து அதன் கீழ்விளிம்பை இழுத்துப் பிடித்தார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

உடலைக் கொண்டுபோகும் வண்டி வாசலில் வந்து நின்றது. நேரமாச்சு, தொலைநோக்கியை எடுத்து உள்ளே வை என்றார் பெரியண்ணன் அவளிடம், திரும்பாமலேயே. வட்டம் அதற்குள் நகர்ந்து சட்டையின் ஓரத்துக்குப் போயிருந்தது. பூமி சுற்றுகிறதல்லவா, யாராவது குழாயைத் தட்டி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மருந்துக்கடை மாடியில் அது சின்னண்ணனின் வேலை.

"இருக்கட்டும்," என்றாள்.

டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் ஒற்றை விரலால் குழாயைத் தொட்டு, சூரியனை நடுவுக்குக் கொண்டுவந்தாள்.