மஞ்சள் புள்ளி

...நகரத்தானே செய்யும், நகராமல் எங்கே போகும், அவள் எழுதியதல்லவா, தலைமையாசிரியையின் அறைச் சுவரில் பெரிய திரை, திரையில் வரைபடம், வரைபடத்தில் பள்ளிப் பேருந்துக்குப் பதிலாக ஒரு மஞ்சள் புள்ளி, வாசலைத் தாண்டிச் சாலையில் சமர்த்தாகத் திரும்பிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து செய்த செயலிதான், ஆனால் அடம்பிடித்து முடித்தது யார், கல்லூரியில் அவளுக்கு மேஸ்திரி என்ற பட்டப்பெயர் சும்மாவா வந்தது? ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த வண்டியின் வழியைச் சுருக்கியதும் அவள்தான். இன்றைக்கு இந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டால் பள்ளியின் எல்லா வண்டிகளுக்கும் இதுதான்... ஆட்டுவார், ஏன் ஆட்டமாட்டார், உதட்டோரம் ஏற்கெனவே இளகிவிட்டதே. பக்கத்தில் சோடாபுட்டி நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான், தடித்த கண்ணாடிக்குள் தடித்த பயம், செயலியின் திரையை வடிவமைத்தவன், எதற்கெடுத்தாலும் சந்தேகம். மேம்பாலத்துக்கு அடியில் வண்டியிலிருக்கும் போனுக்குச் சிக்னல் போய்விடும், புள்ளி செத்ததுபோல் நிற்கும், பிறகு தவளைபோல் ஒரே தாவு, பார்க்கச் சகிக்காது. அதற்குத்தான் அவள் ஒரு வேலை செய்தாள், சிக்னல் வராவிட்டால், வண்டி வழக்கமாகப் போகும் வேகத்தைக் கணக்கிட்டுப் புள்ளி தானே போய்க்கொண்டிருக்கும், நேரம் வந்தால் தானே கிளம்பவும் செய்யும். அப்போது மட்டும் சாம்பல் நிறமாக்கலாம், உத்தேசம் என்று தெரியட்டுமே என்றான் இவன். "சாம்பலைப் பாத்தா பெத்தவங்க பயந்துருவாங்கடா, மஞ்சளாவே இருக்கட்டும்" என்று ஒரே போடாகப் போட்டாள், அவள் சொன்னால் சொன்னதுதான்.

கைக்குட்டையை எடுக்கப் பைக்குள் கைவிட்டாள், தடிமனாக ஏதோ தட்டுப்பட்டது, பின்பக்கம் ஒட்டுநாடா பிசுபிசுத்தது... இது ஏன் இங்கே இருக்கிறது? வண்டியில் இருக்க வேண்டிய போன். மதியம் புதிய பதிப்பை ஏற்றக் கழற்றி வந்தாள், அதற்குள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்ப, அணைத்துப் பையில் போட்டாள், போகும்போது மாட்டிவிடலாம் என்று... அவளேதான், வேறு யாருமில்லை. அப்படியானால் திரையில் போவது எது? புள்ளி மேம்பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது, மஞ்சளாக, நிதானமாக, ஒரு குறை சொல்ல முடியாது. வண்டி எங்கே? அதில் அக்கா மகள் இருக்கிறாளே, ஜன்னலோர இருக்கைக்குச் சண்டைபோடும் வாண்டு... ஒன்றும் ஆகியிருக்காது, தினமும் போகிற வழி, வேகக் கணக்கு அவள் போட்டது, தப்பாகாது, அது அவளுக்குத் தெரியும், தெரியுமா? சொல்லிவிடலாமா? சொன்னால் இத்தனை மாத உழைப்பும் இந்த அறையிலேயே ஊற்றி மூடிவிடும். புள்ளி அக்கா வீட்டுத் தெருமுனையில் போய் நின்றது. அவளுடைய போன் அடித்தது, தெருமுனையில் செயலியைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் அக்காதான், "ஸ்பீக்கர்ல போடும்மா, கேப்போம்" என்றார் தலைமையாசிரியை. "ஏய், வந்துருச்சுடி! புள்ளியும் நின்னுச்சு, வண்டியும் நின்னுச்சு, இந்தா குட்டி இறங்கிட்டா!"

அப்பாடா. தலைமையாசிரியை மேசையைத் தட்டினார், "பிரமாதம்மா, திங்கக்கிழமைலருந்து எல்லா வண்டிக்கும் போட்ருங்க." சோடாபுட்டி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவளுக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன், உச்சி குளிர்ந்துவிட்டது, போனே இல்லாமல் வண்டி வரும் நேரத்தை அடித்துச் சொல்லிவிட்டாளே, இந்த மூளையை என்ன செய்வது... திங்கட்கிழமை எல்லா வண்டியிலும் அவளே போனை மாட்டிவிடுவாள், மறக்கமாட்டாள், ஒட்டிய பிறகு இழுத்தும் பார்ப்பாள், அவ்வளவுதானே விஷயம்? அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "இனிமே நான் எதுக்குடி முன்னாடியே வந்து வெயில்ல காயணும்? மாடியிலயே உக்காந்து புள்ளியப் பாத்துப்பேன். ஆமா, வழியில வண்டி கிண்டி நின்னு போச்சுன்னா புள்ளியும் அங்கயே நின்னுரும்ல?"

நின்றுவிடுமா? இன்றைக்கு வண்டி பாலத்தடியிலேயே படுத்திருந்தால்? அப்போதும் புள்ளி வந்திருக்கும், மஞ்சளாக, சொன்ன நேரத்துக்கு, அக்கா வீட்டு முனையில் நின்றிருக்கும், இந்த மேசையும் தட்டப்பட்டிருக்கும்... "சொல்லுடி, நின்னுரும்ல?" என்றாள் அக்கா.

"மேடம்" என்றாள் அவள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பைக்குள் அவள் கை இன்னும் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.