கம்பி மாட்டாத நாற்பது மைல்

லாரமி ஊருக்கு மேற்கே காற்று எப்படி அடிக்கும் என்று ஆர்விலுக்குத் தெரியாததல்ல. முப்பது வருஷம் அந்தச் சாலையில் பால் லாரி ஓட்டியவர். ஓய்வுபெற்றதும் அவரும் மனைவி நெட்டியும் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த பெரிய டிரெய்லர் ஒன்று வாங்கினார்கள். பிக்கப் வண்டியில் அதை இழுக்கும்போது கொக்கியின் இருபக்கமும் இரண்டு இரும்புக் கம்பிகளை மாட்டி இறுக்க வேண்டும். அப்போதுதான் பாரம் வண்டியின் பின்பக்கத்தை மட்டும் அமுக்காமல் முன்சக்கரங்களுக்கும் பரவும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும்.

ஒரு நாள், நாற்பது மைல் தள்ளி ஓர் ஏரிக்கரையில் மகள் ஜோலீன் பிள்ளைகளோடு அவர்களுக்காகக் காத்திருந்தாள்.

"கம்பி மாட்டலையா?" என்றாள் நெட்டி.

"நாப்பது மைலுக்கு அது எதுக்கு? குனிஞ்சா முதுகு பிடிச்சுக்குது. ஏறு, ஏறு."

"சோம்பேறிக் கிழவா!" சிரித்துக்கொண்டே ஏறினாள்.

பாதி வழியில் ஒரு லாரி முந்திச் சென்றது. கூடவே பக்கவாட்டுக் காற்று. டிரெய்லர் இங்கும் அங்கும் ஆடத் தொடங்கியது. ஸ்டியரிங் கையில் லேசாகிப்போனது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். டிரெய்லர் பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் சாய்ந்தது. நெட்டியின் பக்கம்தான் அடியில். ஆம்புலன்ஸ் வருமுன் அவள் போய்விட்டாள்.

"அந்தக் காத்துல யாரா இருந்தாலும் இதுதான்," என்றார்கள் எல்லோரும். ஆர்வில் தலையாட்டினார்.

மூன்று வாரம் கழித்து, அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த ஜோலீன் உடைந்துபோனாள்.

"காத்தா இருக்கு, இன்னொரு நாள் வர்றோம்னுதான் அம்மா சொன்னா. புள்ளைங்க ஏங்குதுன்னு நான்தான்ப்பா பிடிவாதமா வரச் சொன்னேன். நானே அவளைக் கொன்னுட்டேன்."

காற்றின் மேல் பழி போட்டு அவளைத் தேற்றியிருக்கலாம். அவரால் முடியவில்லை.

"நீ இல்லம்மா. நான் கம்பி மாட்டல. அது கராஜுலயே கிடந்துச்சு."

ஜோலீன் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா அதைப் பத்திக் கேட்டாளா?"

"கேட்டா."

கையிலிருந்த ஸ்வெட்டரைக் கட்டிலில் வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போனாள்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, அவள் கார் வாசலில் வந்து நின்றது. பிள்ளைகளை மட்டும் உள்ளே அனுப்பினாள். ஆர்வில் காபியோடு போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். அவள் கண்ணாடியை இறக்கி, அவர் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.