பதினைந்து நாள் அவகாசம்

அந்த மின்னஞ்சல் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. நஜீபா அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு, காரைக்கால் தருமபுரத்து வீட்டின் மாடி அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். 'விருப்ப ஓய்வுத் திட்டம்' என்று தலைப்பு. வயதையும் பணியாற்றிய வருடங்களையும் கூட்டினால் எழுபதோ அதற்கு மேலோ வருகிறவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒப்புக்கொண்டு போனால் சில மாதச் சம்பளம் மொத்தமாகக் கிடைக்கும். பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. சென்னையில் அந்த மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து இருபத்துநான்கு வருடம். தன்னைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் அந்த எழுபதைப் பிடித்திருக்கிறார்கள் என்று உடனே புரிந்தது. கீழே குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பழைய கணினி நிரல்களைப் பராமரிப்பது அவள் வேலை. அவள் சேர்வதற்கு முன்பே எழுதப்பட்டவை அவை. எந்த இடத்தில் கைவைத்தால் எது நின்றுபோகும் என்பது அவளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும்தான் தெரியும். கொரோனா சமயத்தில் காரைக்காலுக்கு வந்தவள் அப்படியே வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கினாள். மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய்வருவாள். போன வருடம் முழுக்க அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, அந்த நிரல்களைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதிவைப்பது. இனி செயற்கை நுண்ணறிவு அதைப் படித்துக்கொண்டு பராமரிக்கும் என்றார்கள். எழுத எழுத, தன் நாற்காலியைத் தானே துடைத்து இன்னொருவருக்குத் தயார் செய்வதுபோல் இருந்தது. ஆனாலும் ஒழுங்காகத்தான் எழுதினாள். அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது.

மறுநாள் அவளுடைய மேலாளர் பிரதீபா போன் செய்தாள். பிரதீபாவுக்கு நஜீபாவைவிடப் பத்து வயது குறைவு.

"அக்கா, ஆபீஸ் லைன்ல பேசல, என் சொந்த போன்ல பேசுறேன். மெயில் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"விருப்பம்னுதான் போட்டிருக்காங்க. ஆனா நீங்க இதுல போகலன்னா அடுத்து ஒரு லிஸ்ட் வரும். அதுல இந்த மாதிரி சலுகை எதுவும் இருக்காது. என் பேரே அதுல இருந்தாலும் ஆச்சரியமில்ல." பிறகு, "நான் சொன்னதா சொல்லிடாதீங்கக்கா" என்றாள்.

"சொல்ல மாட்டேன்மா. நீ சொன்னதே பெரிய உதவி."

அன்று மாலை வழக்கம்போல் மஃரிப் தொழுகைக்குப் பிறகு தாவூது கூப்பிட்டார். அவளுடைய கணவர். ஷார்ஜாவில் கப்பல் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில், எல்லா விடுமுறைகளையும் சேர்த்தால் ஊரில் இருந்தது மூன்று வருடம்கூட வராது. "சாப்பிட்டியா? இஃபாத் பேசினாளா?" என்று கேட்டார். இஃபாத் அவர்களுடைய ஒரே மகள். புதுச்சேரியில் கல்லூரிக் கடைசி வருடம். நஜீபா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மின்னஞ்சலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. தாவூது அவளுடைய வேலையைப் பற்றி யாரிடமும் பெருமையாகப் பேசுவார். "என் வீட்டம்மா வேலை கவர்மென்ட் வேலை மாதிரி. யாரும் அசைக்க முடியாது" என்பார். இன்னும் இரண்டு வருடம் அவர் அங்கே இருந்துவிட்டு வருவது என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். இப்போது தன் வேலை போனால் அந்த இரண்டு வருடம் ஐந்தாகிவிடும் என்று நஜீபா பயந்தாள். அவர் வர மாட்டார். அங்கேயே இருந்து ஈடுகட்டப் பார்ப்பார். ஐம்பத்து மூன்று வயதில் இன்னும் ஐந்து வருடம் அந்த வெயிலில் கிடக்க வேண்டுமா?

பத்தாவது நாள் காலையில் பக்கத்து வீட்டுத் தையல்நாயகியோடு கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தாள். தையல்நாயகி நெரவி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். இருவரும் மூன்று வருடமாகச் சேர்ந்து நடக்கிறார்கள். அரசலாறு கடலில் சேரும் இடம்வரை வந்து திரும்பும்போது, நஜீபா தன்னை அறியாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தையல்நாயகி நடையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு, "வேலை போறது கஷ்டமா இருக்கா, இல்ல அவர்கிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார்.

நஜீபா நடந்துகொண்டே யோசித்தாள். நாலைந்து வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள்குறைப்பு என்ற பேச்சு வரும். ஒவ்வொரு முறையும் அவளுக்கு வயிறு எரியும். மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தினமும் சாயங்காலம் அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங் தொடங்கினால் சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது. எத்தனையோ கல்யாண விருந்துகளில் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். அந்த வேலை போவதை நினைத்து, இந்தப் பத்து நாளில் ஒருமுறைகூட அவள் அழவில்லை.

"வேலை போறதுல ஒண்ணுமில்லக்கா" என்றாள் மெதுவாக. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "போனா போகட்டும்னுதான் இருக்கு."

"அப்ப எழுதிக் கொடுத்துடு. அவர்கிட்ட அப்புறம் சண்டை போட்டுக்கலாம்."

மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை காலையில், நஜீபா அந்த விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தில் அழுத்தினாள். நன்றி என்று ஒரு வரி திரையில் வந்தது. அவ்வளவுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு, பால்காரருக்குத் தர வேண்டிய பாத்திரத்தை எடுத்து வைத்தாள். பதினோரு மணிக்குப் படுத்தவள் இரண்டு மணிவரை தூங்கினாள். அதற்கு முன் வேலை நாளில் பகலில் தூங்கியது இஃபாத் பிறந்தபோதுதான்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு, மாலைவரை காத்திருக்க முடியாமல் தாவூதைக் கூப்பிட்டாள். ஷார்ஜாவில் அப்போது காலை பத்தரை. அவர் கிடங்கில் இருக்கும் நேரம். வீடியோவில் கூப்பிட்டாள், அவர் துண்டித்துவிட்டு வெறும் குரலில் கூப்பிட்டார்.

"என்ன இந்த நேரத்துல? இஃபாத் நல்லாருக்காளா?"

"அவ நல்லாருக்கா. நீங்க படத்தைப் போடுங்க."

"நெட் சரியில்ல நஜீபா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு மாதத்துக்கு மேலாகவே அவர் முகத்தைக் காட்டவில்லை. எப்போதும் நெட் சரியில்லை.

"பரவால்ல, போடுங்க. ஒரு விஷயம் சொல்லணும். உங்க முகத்தைப் பார்த்துத்தான் சொல்லுவேன்."

பிறகு படம் வந்தது. தாவூது இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் கைலியோடு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே யாருடைய ஈரத் துணிகளோ தொங்கின. அது அவருடைய அறை இல்லை. தாடி நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இன்னிக்கு லீவா?" என்று கேட்டாள்.

"நீ முதல்ல சொல்லு."

பதினைந்து நாளாக மனதுக்குள் சொல்லிப்பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "வேலையை விடப் போறேன். நேத்து எழுதிக் கொடுத்துட்டேன்" என்றாள் ஒரே மூச்சில்.

தாவூது அவளையே பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நஜீபா நினைத்தாள். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அது சிரிப்பாக இல்லை.

"எனக்கு வேலை போயி ரெண்டரை மாசமாச்சு நஜீபா."

"என்ன சொல்றீங்க?"

"கிடங்கையே மூடிட்டாங்க. இருந்த காசுல மாசாமாசம் சம்பளம் மாதிரி உனக்கு அனுப்பிட்டு இருக்கேன். வேற வேலை தேடிப் பார்த்தேன். இந்த வயசுல யாரு எடுப்பா? கூட்டாளி ரூம்ல படுத்திருக்கேன். இன்னும் பதினைஞ்சு நாள்ல விசா கெடுவும் முடியுது."

நஜீபாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "தினமும் பேசுறீங்க, சாப்பிட்டியான்னு கேக்குறீங்க. இதை மட்டும் சொல்ல முடியலையா உங்களுக்கு?"

"நீ மட்டும் சொன்னியா?"

நஜீபா போனைக் கிட்டே கொண்டுவந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீ அவ்வளவு பெரிய வேலை பார்க்குற. நான் பெட்டியைத் தூக்கிட்டு வந்து வீட்ல சும்மா உட்கார்ந்தா நல்லாருக்குமான்னு நெனச்சேன்" என்றார் தாவூது. "ஒரு வேலை கெடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"இப்பத்தான் ரெண்டு பேருமே சும்மா ஆயாச்சுல்ல. கிளம்பி வந்துடுங்க."

"வந்துடவா?"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. "வாங்க" என்றாள் நஜீபா.

மகளிடம் அன்றே சொன்னாள். இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். இஃபாத் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "வாப்பா வர்றாங்களா? நெசமாவா உம்மா? திரும்பிப் போக மாட்டாங்களா?"

தாவூது ஒன்பதாவது நாள் திருச்சி விமானநிலையத்தில் வந்து இறங்கினார். ஒரே ஒரு பெட்டி. வழக்கமாகக் கொண்டுவரும் பால்பவுடர், வாசனைத் திரவியம் எதுவும் இல்லை. அதற்காக வெட்கப்பட்டார். நஜீபா அந்தப் பெட்டியை வாங்கி வாடகைக் காரில் வைத்தாள். காரைக்கால் வருவதற்குள் அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

அவளுடைய கடைசி வேலை நாள் அந்த மாதம் முப்பதாம் தேதி. வீடியோவில் எல்லாரும் கூடி நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து பிரதீபா சொன்ன அடுத்த பட்டியலும் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. ஆனால், ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் இருந்த நாலு பேர் ஒரே வாரத்தில் வெளியேற வேண்டியிருந்தது. பழைய நிரலில் ஏதோ ஒன்று பிடிபடவில்லை, தினமும் இரண்டு மணிநேரம் மட்டும் உதவ முடியுமா என்று பிரதீபா கேட்டாள். "நோன்பு முடியட்டும், பார்க்கலாம். காலையில மட்டும்தான். சாயங்காலம் வர மாட்டேன்" என்றாள் நஜீபா. அப்படி நிபந்தனை போட்டுப் பேசியது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

தாவூதுக்கு என்ன வேலை என்று இன்னும் முடிவாகவில்லை. துறைமுகத்துப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் சரக்கு பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருக்கிறார். வீடு சொந்தம், மகள் படிப்பு முடியப்போகிறது என்ற தைரியத்தில் அவர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் இருவரும் மீன் வாங்கப் போனார்கள். தாவூதுக்கு விலை பேசத் தெரியவில்லை. சொன்ன விலைக்குத் தலையாட்டினார். நஜீபா அவரை நகர்த்திவிட்டு முன்னால் வந்தாள். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

"லீவுல வந்திருக்கீங்களா பாய்? எப்ப திரும்பிப் போறீங்க?"

பழக்கத்தில் தாவூதுக்கு ஏதோ ஒரு தேதி வாயில் வரப்பார்த்தது.

"போகலம்மா" என்றார். "இங்கதான்."

"அதுவும் நல்லதுதான்" என்று அந்த அம்மாள் மேலும் ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டாள்.