நானூற்றுப் பன்னிரண்டு மணிக்கட்டுகள்

…ஈரம், அதுதான் முதலில் வந்து ஒட்டும், மனிதர்கள் பிறகுதான், எட்டு மாதமாக இப்படித்தான், ஒருவர் வந்து உட்கார்ந்து முழங்கையை மேஜைமேல் வைப்பார், பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேருங்க, இப்ப மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்க என்பேன், தோலுக்கடியில் நடுவே கயிறு மாதிரி ஒன்று விறைத்து எழும்பும், அல்லது எழும்பாது. நரம்பு என்கிறார்கள் எல்லோரும், நரம்பில்லை, தசைநாண், முன்கைத் தசை ஒன்றின் வால், சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது, இருந்தால் பெரிய லாபமில்லை, இல்லாவிட்டால் நஷ்டமுமில்லை, உப்புக்குச் சப்பாணி, வேறெங்காவது நாண் அறுந்து போனவனுக்கு இதை உருவி அங்கே வைத்துத் தைப்பார்கள், அவ்வளவுதான் அதன் பெருமை. ஆனாலும் நான் அழுத்திப் பார்க்க வேண்டும், மீன்பெட்டித் தண்ணீரில் ஊறி வெளுத்த தோலை, படையை, ஆறாத கீறலை, என் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து… பிறகு ஸ்பிரிட் போட்டுக் கழுவுவேன், கழுவினால் போகிறதா, சாப்பிட உட்கார்ந்தால் என் கையே எனக்குக் குமட்டுகிறது, வீட்டில் அவர் கேட்டார், என்ன, கையை எதுக்கு அப்படி மோந்து பாக்குற?

பெரிய டாக்டருக்கு இதெல்லாம் கிடையாது, அவர் கையே வைக்கமாட்டார், ஆஸ்பத்திரியில் கைப்பிரிவின் தலைவர், நான் அங்கே உடற்பயிற்சி சிகிச்சை பார்க்கிறவள், எந்த மக்களுக்கு இந்த நாண் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணுவது அவர் ஆராய்ச்சி, எண்ணுவது என் வேலை. மலைப்பக்கத்து ஆட்களில் இருபதில் ஒருவருக்கு இல்லை, கடலோரத்து ஆட்களில் நாலில் ஒருவருக்கு இல்லை, இதுதான் வந்தது, பாவம் அந்த எண்களில் என்ன தப்பு, மூக்கு ஒருவருக்கு நீளம் ஒருவருக்குக் குட்டை என்பது போல. கூடவே ஒவ்வொருவரிடமும் கிரிப் மீட்டரைக் கொடுத்து அமுக்கச் சொன்னேன், பிடியில் எத்தனை கிலோ பலம் என்று அது காட்டும், நாண் இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஒன்றுதான், வித்தியாசமே இல்லை, நானூற்றுப் பன்னிரண்டு பேர், மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தேன். டாக்டர் அந்தப் பலப் பத்தியைப் பார்த்துவிட்டு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார், "இதுல ஒண்ணும் வரலையேம்மா. எல்லாம் சமம்னு எழுதினா எவன் படிப்பான்? எடுத்துடு." எடுத்தேன். பழத்தை மென்றபடியே தோலை என் தாள்களின்மேல் வைத்தார், அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

மீன் குளிர்பதனக் கிடங்கில் எண்ணிக்கைக்கு வராமல் விட்டுப்போன ஆறு பேரை இன்று பார்த்துவிட்டால் முடிந்தது என்றுதான் காலையில் வந்தேன், கேட்டுக்கு வெளியே வரிசை, பெட்டி தூக்கும் வேலைக்குப் புது ஆள் எடுக்கிறார்கள் போல, மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், வெற்றிலைச் சாறு வாயோரம் வழிகிறது, ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு விரலையும் சேரு… மடக்கு…" என் வார்த்தை, என் வார்த்தையேதான், அவன் வாயில், எச்சிலோடு. பின்னால் பலகையில் ஒட்டியிருந்தது எங்கள் பட்டியல், மலை, கடல், இருக்கிறது, இல்லை, பலப் பத்தி மட்டும் இல்லாமல். ஆட்களைச் சோதிக்க இடம் கொடுத்தாரே என்று டாக்டர் கிடங்கு மேனேஜருக்கு ஒரு நகல் கொடுத்திருப்பார், வேறெப்படி வரும். நாண் எழும்பியவன் பலசாலியாம், உள்ளே, எழும்பாதவன் வீட்டுக்கு. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதிலாவது மாட்டுக்கு வயசு தெரியும், இதில் என்ன தெரியும்…

கழிவறைக்கு ஓடினேன், கையைக் கழுவினேன், குழாயில் துரு வாசம், நிமிர்ந்தால் பக்கத்து வாஷ்பேசினில் ஒருத்தி இடது மணிக்கட்டில் நூலை வைத்து அதன்மேல் ஈர மாவை அப்பிக்கொண்டிருக்கிறாள், முகத்துக்குப் போடும் மாவு, நூல் நாண் மாதிரித் தெரிய வேண்டுமாம், தோலுக்குப் பொருந்தாத வெள்ளை, செத்த புழு ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. என்னைப் பார்த்து அவள் வெட்கப்படவில்லை. "அக்கா, நீங்கதானே ஆஸ்பத்திரி அக்கா? எங்க அண்ணன் கையெல்லாம் நீங்கதான் பாத்தீங்க. கடலோரத்தாளுங்கன்னாலே இப்ப ரெண்டு தடவ பாக்குறான். இத எப்படியாவது எழும்ப வெக்க முடியுமா?" எழும்பாதும்மா, இல்லாதது எப்படி எழும்பும் என்றேன். "இல்லாம நான் வேற கம்பெனில நாலு வருஷம் ஐஸ் பெட்டி தூக்கினேனே," என்றாள், குழப்பத்தோடு, ஏதோ தன் தோள்தான் பொய் சொல்லியிருக்கிறது என்பதுபோல… அந்தக் குழப்பத்தை யார் கொடுத்தது, நான்தானே, ஸ்பிரிட் வாசம் அடிக்கும் இந்த விரல்கள்தானே. நூலை உரித்து எடுத்தேன், மாவு என் நகத்துக்குள் போனது, வாங்க என்றேன்.

மேஸ்திரிக்கு முன்னால் அவளை நிறுத்திக் கிரிப் மீட்டரைக் கையில் கொடுத்தேன், அமுக்குங்க, முப்பத்தெட்டு. அவனிடம் நீட்டினேன், நீங்களும் அமுக்குங்க. வரிசை எட்டிப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினான், அவன் மணிக்கட்டில் நாண் வில்லின் கயிறு மாதிரி எழும்பியது, முப்பத்தாறு. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான், சிவந்த பல்லைக் காட்டி, "மீட்டர் கெட்டுப் போச்சு மேடம். டாக்டர் பேப்பர் போட்டிருக்காரு, நான் என்ன படிச்சவனா? அவரு சொன்னா செய்யறேன். சரி, உங்க கையையும் காட்டுங்களேன், பாப்போம்." விளையாட்டுக்குத்தான் கேட்டான். எனக்கு இரண்டு கையிலும் கிடையாது, முதல் நாளே என்னை நானே சோதித்தது, அப்போது ஒன்றும் தோன்றவில்லை, இப்போது என் கைகள் கோட்டுப் பைக்குள் போயின, நான் போகச் சொல்லவில்லை, தானாகவே, திருட்டுப் பூனை மாதிரி, நகத்து மாவோடு… இவனிடம் எனக்கென்ன வெட்கம், இருந்தும் காட்டவில்லை. அவசரமாகச் சொன்னேன், "இவங்க எனக்குத் தெரிஞ்சவங்க. சேத்துக்குங்க, மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்." அவன் உடனே எழுந்தேவிட்டான், "இத முதல்லயே சொல்லக்கூடாதா மேடம், நம்ம ஆளுன்னு? உள்ள போம்மா நீ."

அவள் போனாள், போகும்போது என் முழங்கையைத் தொட்டு, நல்லா இருப்பீங்கக்கா என்றாள், ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது, நிஜமாகவே குளிர்ந்தது, அந்தக் குளிர்ச்சியை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது. ஏனென்றால் அவளுக்குப் பின்னால் நின்றவன், அண்ணன் தம்பி இரண்டு பேர், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள், அடுத்து யாரைத் தெரிந்தவர் என்று சொல்லப்போகிறேன் என்று, நான் தரையைப் பார்த்தேன், மேஸ்திரி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்து, ரெண்டு விரலையும் சேரு என்றான். பேருந்து நிறுத்தம் வரை நடந்துவிட்டேன், அந்த ஆறு பேரைப் பார்க்கவே இல்லை, டாக்டர் கேட்பார், கேட்கட்டும். எடுத்துவிடு என்று அவர் சொன்ன அந்தப் பத்தி என் பையில்தான் இருக்கிறது, நானூற்றுப் பன்னிரண்டு எண்கள், என் கையெழுத்தில், பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும், அது கூட வேண்டாம், வித்தியாசமே இல்லைப்பா, இந்தச் சோதனையே வெட்டி என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை, அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும்… சொல்ல வந்தேனா, இல்லையே, யோசித்துப் பார்க்கிறேன், அந்த வார்த்தை என் வாய்வரைகூட வரவில்லை, தெரிஞ்சவங்க என்பதுதான் வந்தது, அதுவும் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு பழகிய மாதிரி.